பச்சையாத்தானே இருக்குது?

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மாமா என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். நான்கு பாத்தி தண்டுக்கீரை, இரண்டு பாத்தி அரைக்கீரை. காலை வெயிலில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. தண்டுக்கீரை இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தன, ஒரு பூச்சிக்கடி கூட இல்லை. மாமா குனிந்து ஒரு தண்டை ஒடித்து என் கையில் வைத்துவிட்டுக் கேட்டார். "டவுனுக்கும் அனுப்புறேன், வீட்டுலயும் இதைத்தான் கடையறோம். ஆளாளுக்கு ஏதேதோ சொல்றாங்க. நீ செடி கொடியைப் படிச்சவ, நீயே சொல்லு கண்ணு. பச்சையாத்தானே இருக்குது? அப்புறம் என்ன?"

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது. இதைச் சொன்னாலே மாமா எதைக் கேட்கிறார் என்பது வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குப் புரிந்துவிடும். எங்கள் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் கலந்திருக்கிறது, அதிலுள்ள குரோமியம் மாதிரியான கன உலோகம் கீரையிலும் ஏறியிருக்குமா என்பதுதான் கேள்வி. அந்தக் கிணற்றுத் தண்ணீரை வீட்டில் யாரும் குடிப்பதில்லை. குடிக்கக் கேன் தண்ணீர், சமைக்கப் பஞ்சாயத்துக் குழாய். தண்ணீர் வற்றியதும் வாய்க்கால் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். சின்ன வயதில் அதை விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பாட்டியிடம் அடி வாங்கியிருக்கிறேன். அந்தத் தண்ணீரில்தான் கீரை வளர்கிறது.

பதினாறு வருடமாகப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒளிச்சேர்க்கை நடத்துகிறேன். பச்சையத்தின் அமைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். ஆனால் மாமாவின் கேள்விக்கு அந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை. "பார்த்துச் சொல்றேன் மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது அத்தை ஒரு கட்டுக் கீரையைப் பையில் வைத்துக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். சமைப்பதா வேண்டாமா என்று வாலாஜா தாண்டும் வரைக்கும் முடிவாகவில்லை.

மஞ்சளைத்தான் முதலில் பார்த்தோம்

ஏழெட்டு வருடம் முன்னால் இதே மாமா வேறு மாதிரி ஒரு கவலையோடு போன் செய்திருந்தார். நாற்றங்காலில் நெல் நாற்று மஞ்சளாக நிற்கிறது என்றார். பயிர் மஞ்சளானால் விவசாயி முதலில் யூரியா மூட்டையைத்தான் பார்ப்பார். மாமாவும் போட்டார், நிறம் மாறவில்லை. உரக்கடையில் துத்தநாகக் குறை என்று சொல்லி ஜிங்க் சல்பேட் கொடுத்தார்கள். அதையும் போட்டார். நான் அரைப்பரீட்சை லீவில் போனபோது நாற்றங்கால் பாய் விரித்த மாதிரி வெளிறிக் கிடந்தது.

குனிந்து பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மஞ்சள் அடியிலையில் இல்லை, மேலே புதிதாக வந்த குருத்து இலையில் இருந்தது. இந்த வித்தியாசம் பெரியது. தழைச்சத்துப் போதவில்லை என்றால் செடி பழைய இலையிலிருந்து சத்தை எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும். பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் தான் பட்டினி கிடக்கிற தாய் மாதிரி. அதனால் யூரியாக் குறையில் கிழவன் இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்தை அப்படி இடம் மாற்ற முடியாது. ஒரு இலைக்குப் போனது அங்கேயே தங்கிவிடும். அதனால் இரும்பு கிடைக்காத செடியில் குருத்துதான் வெளிறும்.

ஒரு நாற்றைப் பிடுங்கினேன். கூடவே மாமாவை அனுப்பி, ஏரித் தண்ணீர் பாய்கிற மேட்டுக் கழனியிலிருந்து அதே வயது நாற்று ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டையும் சொம்புத் தண்ணீரில் அலசி, மாமாவின் வெள்ளைத் துண்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மேட்டு நாற்றின் வேர் வெள்ளையாக, நீளமாக, நரைமுடி போல இருந்தது. எவ்வளவு அலசியும் வேர்த்தூவிகளில் சேறு ஒட்டிக்கொண்டே இருந்தது. கிணற்றடி நாற்றின் வேர் அதில் பாதிகூட இல்லை. தடித்து, மழுங்கி, நுனியெல்லாம் தேயிலைச் சாயம் ஏறிய மாதிரி பழுப்பு. ஒரு தடவை அலசியதுமே மண் முழுக்க உதிர்ந்துவிட்டது, பிடித்து வைக்கத் தூவியே இல்லை. மாமா ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக இலையைப் பார்த்து மருந்து போட்டவர் அவர். வேரைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

குரோமியம் செடிக்குள் எப்படி நுழைகிறது என்பதை நான் எத்தனை தடவை படித்தாலும் ஆறுவதில்லை. தோல் பதனிட உபயோகிக்கும் குரோம் உப்பில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். அது மண்ணில் எளிதில் கரையாது, பெரும்பாலும் இருந்த இடத்தில் கிடக்கும். ஆனால் மண்ணில் இயற்கையாகவே இருக்கும் மாங்கனீசு ஆக்சைடு அதில் ஒரு பகுதியை ஆறு இணைதிறன் குரோமியமாக, அதாவது குரோமேட்டாக மாற்றிவிடும். இது தண்ணீரில் கரைந்து ஓடும். குரோமேட்டின் உருவமும் சல்பேட்டின் உருவமும் ஏறக்குறைய ஒரே அச்சு. கந்தகச்சத்துக்காகச் செடி சல்பேட்டை உறிஞ்ச வைத்திருக்கும் கதவு, குரோமேட்டையும் சல்பேட் என்று நம்பி உள்ளே விடுகிறது. உள்ளே போன குரோமேட் வேர் செல்களிலேயே மூன்று இணைதிறனுக்குத் திரும்புகிறது. அந்த மாற்றத்தின்போது எழுகிற, எதையும் தாக்கும் வீரியமுள்ள ஆக்சிஜன் வகைகள் செல்லின் சவ்வுகளை அரிக்கின்றன. வேர் நுனியில் செல் பிரிவது குறைகிறது, வேர்த்தூவி உதிர்கிறது, மண்ணிலிருந்து இரும்பை எடுக்கும் வேலை நின்றுபோகிறது. பச்சையத்துக்குள் இரும்பு கிடையாது, ஆனால் இரும்பு இல்லாமல் செடியால் பச்சையத்தைக் கட்ட முடியாது. துண்டின்மேல் இருந்த பழுப்பு வேருக்கும் குருத்தின் மஞ்சளுக்கும் இதுதான் சம்பந்தம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பயிர் கருகினால் எல்லாரும் "குரோம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் தோலைக் கெடாமல் வைக்க உப்புப் போடுகிறார்கள், அலசும்போது அந்த உப்பு முழுவதும் தண்ணீரோடு போகிறது. எங்கள் கிணறுகளைக் கெடுத்ததில் பெரிய பங்கு அந்தச் சாதா உப்புக்குத்தான். தென்னை மட்டை காய்ந்து தொங்கினதற்கும் வாய்க்கால் ஓரம் வெள்ளை பூத்ததற்கும் குரோமியத்தைக் குறை சொன்னால் பாதி உண்மைதான். உப்பு செடியைத் தாகத்தில் வாட்டுகிறது, குரோமியம் அதன் வேரை அறுக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எது எவ்வளவு என்று வெறும் கண்ணால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தாத்தா காலத்தில் இது இல்லை. காட்டிலிருந்து ஆவாரம்பட்டை உரித்து வந்து தோல் ஷாப்புக்கு எடை போட்டு விற்றதை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்த பிறகுதான் குரோம் வேகமாகப் பரவியது. பட்டையில் வாரக்கணக்கில் ஆகிற வேலை குரோமில் சில மணி நேரத்தில் முடியும். ஆனால் பழைய முறையில் போடுகிற குரோமில் அறுபது எழுபது சதவீதத்தைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும், மீதி தண்ணீரில் போகும். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தந்த தீர்ப்பிலேயே, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கு இருக்கிறது. "மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்" என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அழுத்திச் சொன்ன தீர்ப்பு அது. 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக, மாசால் பாதிக்கப்பட்டவர்களின் நஷ்டஈட்டுக்காக, உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருடம். துண்டின்மேல் கிடந்த நாற்றை இப்போது நினைத்தால் எனக்கு அந்த முப்பது வருடம்தான் ஞாபகம் வருகிறது.

இலைக்குள் என்ன நடக்கிறது

பிள்ளைகளுக்கு ஒளிச்சேர்க்கை நடத்தும்போது சூரியனில் ஆரம்பிப்போம், சர்க்கரையில் முடிப்போம். நடுவில் உலோகங்கள் வருவதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஆனால் ஒளிச்சேர்க்கையே உலோகங்களின் வேலைதான். பச்சைய மூலக்கூறின் நட்டநடுவில் ஒரே ஒரு மெக்னீசியம் அணு. தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜன் தருகிற இடத்தில் நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம். எலக்ட்ரானைக் கை மாற்றிக் கொண்டுபோகும் புரதங்களில் இரும்பும் தாமிரமும். கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதிக்கும் மெக்னீசியம் வேண்டும். எல்லாம் துளித்துளி அளவு, எல்லாம் அதனதன் இடத்தில்.

கன உலோகங்கள் செய்கிற கெடுதல் பெரும்பாலும் இந்த இடங்களைப் பிடிப்பதுதான். காட்மியம் கால்சியத்தின் இடத்தில் போய் உட்காரும், தண்ணீர் பிளப்பது மந்தமாகும். ஈயம், பச்சையம் கட்டுவதற்கான ஆரம்பப் படியிலேயே ஒரு நொதியை முடக்கும். அதே பெயருள்ள நொதி நம் உடம்பில் இரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமைக் கட்டவும் வேண்டும், ஈய விஷத்தில் அங்கேயும் முதலில் அடிபடுவதில் ஒன்று அதுதான். இலையின் பச்சைக்கும் நம் இரத்தத்தின் சிவப்புக்கும் தொடக்கப் பாதை ஒன்று என்று சொல்லும்போது வகுப்பில் எப்போதும் ஒரு அமைதி வரும். எனக்குப் பிடித்த அமைதி அது.

இலைத்துளைகளும் மூடிக்கொள்ளும். வேர் தண்ணீர் அனுப்பாதபோது இலை வேறென்ன செய்யும்? துளை மூடினால் கரியமில வாயு வராது. வெயில் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். பிடித்த ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல் அது ஆக்சிஜனோடு சேர்ந்து இலையையே சுடும். பாலாற்றங்கரை மத்தியான வெயிலில் வெளிறிய நாற்று இன்னும் வெளிறிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இவ்வளவும் மஞ்சளான, குட்டையான, வாடின செடியின் கதை. பாடப்புத்தகம் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான்: கன உலோகம் வந்தால் வளர்ச்சி குறையும், பச்சையம் குறையும், விளைச்சல் குறையும். இதைத் திருப்பிப் போட்டால் மாமாவின் கேள்வி கிடைக்கிறது. செடி நன்றாக வளர்ந்து பச்சையாக இருந்தால் உலோகம் இல்லை என்றுதானே அர்த்தம்? அன்றைக்குக் கிணற்றடியில் நான் தடுமாறி நின்றதற்குக் காரணம், எனக்கும் உள்ளூர அப்படி ஒரு நம்பிக்கை இருந்ததுதான்.

வல்லாரை பாட்டில்

மாசி மாதம் செய்முறைத் தேர்வுக்காக ஆய்வகத்தைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். மேல் தட்டின் மூலையில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே வேரோடு ஒரு வல்லாரைச் செடி. லேபிளில் மை மங்கி, 2009 என்ற வருடம் மட்டும் படிக்க முடிந்தது. நான் இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன்பே யாரோ போட்டு வைத்தது. தூசியைத் துடைத்ததும் இலை பளிச்சென்று தெரிந்தது. பச்சை. இன்று காலை பறித்த மாதிரிப் பச்சை.

எம்.எஸ்சி. படிக்கும்போது இந்த வேலையை நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். காப்பர் அசிடேட்டை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, செடியை அதில் அமுக்க வேண்டும். முதலில் பச்சை போய் இலை பழுப்பாகும். பயந்துவிடக் கூடாது, காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஓரத்திலிருந்து பச்சை மெல்லத் திரும்பி வரும். எடுத்து அலசி, பதப்படுத்தும் திரவம் ஊற்றிய ஜாடியில் போட்டு மூடினால் வருடக்கணக்கில் மாறாது. அமிலம் பச்சையத்தின் நடுவிலிருந்து மெக்னீசியத்தைத் தட்டிவிடுகிறது, அதுதான் பழுப்பு. காலியான அந்த இடத்தில் தாமிரம் போய் உட்காருகிறது, அதுதான் இரண்டாவது பச்சை. இதன் முதல் பாதியை வீட்டில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கீரையில் புளி விட்டால் நிறம் மங்கும். கீரை வேகும்போது தட்டுப் போட்டு மூடாதே என்று அம்மா சொல்வதும் அதனால்தான், கீரையிலிருந்து கிளம்பும் அமில ஆவி மறுபடி கீரையிலேயே இறங்கிவிடும்.

இவ்வளவு தெரிந்தும் அந்த ஜாடியை மாமாவின் கேள்வியோடு சேர்த்து நான் யோசித்ததில்லை. அன்றைக்குக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. வல்லாரையும் கீரைதான். செத்துப் பல வருடமாகிறது. அதன் ஒவ்வொரு இலையிலும் வரக்கூடாத ஒரு உலோகம் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் பச்சையாகத்தானே இருக்கிறது!

மறுநாள் கடையில் ரூபாய் நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு டார்ச் ஒன்றை வாங்கி வந்தேன். சிறுகீரையை அசிட்டோனில் அரைத்து வடிகட்டி இரண்டு சோதனைக்குழாயில் எடுத்துக்கொண்டோம். ஒன்றை அப்படியே வைத்தோம். இன்னொன்றில் சில சொட்டு அமிலம் விட்டுப் பழுப்பாக்கி, தாமிர உப்புச் சேர்த்து, வெந்நீரில் நிறுத்திப் பச்சையைத் திரும்ப வரவழைத்தோம். வெளிச்சத்தில் இரண்டும் பச்சை. எது எது என்று பிள்ளைகளைக் கேட்டேன், பாதிப் பேர் தாமிரம் சேர்த்ததைத்தான் "இதுதான் மிஸ் ஃப்ரெஷ்" என்றார்கள், அது அவ்வளவு அழுத்தமான பச்சை. ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சை அடித்தேன். முதல் குழாய் இரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது. உண்மையான பச்சையம் ஒளியை வாங்கி, கொடுக்க ஆள் இல்லாததால் சிவப்பாகத் திருப்பி விடுகிறது. இரண்டாவது குழாய் இருட்டாகவே இருந்தது. தாமிரம் நடுவில் இருந்தால், வாங்கிய ஒளி அடுத்த கைக்குப் போவதற்கு முன்பே சூடாகி வீணாகிவிடும். பார்க்கப் பச்சை, ஆனால் ஒளிச்சேர்க்கைக்கு உதவாது. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "மிஸ், அப்போ பச்சையா இருக்கிறதுனால என்ன தெரியுது?" என்று கேட்டாள். மாமா கேட்டதையே வேறு பக்கத்திலிருந்து கேட்டுவிட்டாள்.

இது ஜாடிக்குள் மட்டும் நடப்பதில்லை. உயிரோடு இருக்கும் நீர்ச்செடிகளிலும் தாமிரம் போன்ற உலோகங்கள் மெக்னீசியத்தின் இடத்தைப் பிடிக்கின்றன என்று 1996இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். குறைந்த வெளிச்சத்தில் வளர்ந்த செடிகள் செத்த பிறகும் பச்சையாகவே நின்றன என்று அவர்கள் எழுதியதைப் படித்தபோது அந்த வல்லாரை ஜாடிதான் கண்முன் வந்தது. நியூ கலிடோனியா தீவில் ஒரு மரம் இருக்கிறது. வெட்டினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும், அந்தப் பாலைக் காயவைத்தால் எடையில் கால் பங்கு நிக்கல். அந்த மரம் காட்டில் மற்ற மரங்களோடு நன்றாகத்தான் வளர்ந்து நிற்கிறது.

மாமாவின் கீரையில் தாமிரப் பச்சை இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அது உண்மையான பச்சையம்தான், டார்ச் அடித்தால் சிவக்கும். இடிந்தது வேறு. செடியின் நலத்தை வைத்துச் சாப்பிடுகிறவர் நலத்தைச் சொல்லலாம் என்று இத்தனை வருடம் எனக்குள் இருந்த நம்பிக்கை இடிந்தது.

கீரை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது

காட்மியம் பற்றி மறுபடி உட்கார்ந்து படித்தேன். ஊர்ச் சாக்கடையிலும் பழைய பேட்டரியிலும் பெயிண்டிலும் பாஸ்பேட் உரத்திலும் இருப்பது. செடிக்கு அது எதற்கும் வேண்டாதது, ஆனால் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு போகிற கதவுகள் வழியாக உள்ளே வந்துவிடும். நெல்லில் மாங்கனீசுக் கதவு வழியாகவே பெரும்பாலும் நுழைகிறது. உள்ளே வந்ததும் செடி சும்மா இருப்பதில்லை. கந்தகம் நிறைந்த சின்னச் சின்னப் புரதச் சங்கிலிகளைச் செய்து காட்மியத்தைக் கட்டிப்போட்டு, செல்லின் நுண்குமிழிக்குள் தள்ளிப் பூட்டிவிடும். வேண்டாத சாமானைப் பரண்மேல் ஏற்றுகிற மாதிரி. பரணில் இருக்கும் வரை, ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்குத் தொந்தரவு இல்லை. இலை பச்சையாக இருக்கும், விரியும், விளையும். எவ்வளவு நன்றாகப் பூட்டுகிறதோ அவ்வளவு நலமாகத் தெரியும். அந்தப் பரண்தான் கடைந்து சோற்றில் விழுகிறது.

கீரை வகைகள் இதில் முன்னணி. ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரையில் நெல் இப்படித்தான் விளைந்தது. மேலே ஒரு சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் ஆற்று வழியாகக் கழனிக்குப் போய், சோற்று வழியாகப் பெண்களின் எலும்புக்குப் போனது. எலும்பு ஒடிகிற வலியில் அவர்கள் கதறியதையே நோய்க்குப் பெயராக வைத்தார்கள், இதாய் இதாய், "வலிக்குது வலிக்குது". 1968இல் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. அந்தக் கழனிகளின் மேல் மண்ணை மாற்றி முடிக்க 2012 வரை ஆனது. அந்தச் சோற்றை உண்ட யாருக்கும் தட்டில் எதுவும் தப்பாகத் தெரிந்திருக்காது.

ஆக, மாமாவுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டு விஷயம், இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடுகிறது, இலைக்கு ஏறுவது கொஞ்சம்தான். எல்லாரும் பயப்படுகிற குரோமைப் பொறுத்தவரை வேர் கிள்ளி, மண் போக அலசின கீரையில் பயம் குறைவு. அந்தப் பாத்திகள் ஏன் இவ்வளவு செழிப்பு என்பதும் பிடிபட்டது. மாட்டுக்கொட்டகையை ஒட்டின இடம், முப்பது வருடமாக எரு கொட்டிய மண். மக்கிய எரு குரோமேட்டை மறுபடி கரையாத குரோமியமாக்கிக் கட்டிப்போடும். அதே தண்ணீர் பாய்ந்தும் நாற்றங்கால் வெளிறியது, கீரைப்பாத்தி தழைத்தது. ஆனால் ஊர்ச் சாக்கடையும் கலக்கிற தண்ணீரில் குரோமியம் மட்டுமே வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. காட்மியம் வந்தால் இலை காட்டிக்கொடுக்காது. இலைக்கீரையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் காட்மியம் என்பதுதான் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் எல்லை. அந்த அளவை எந்தக் கண்ணும் பார்க்காது.

மாமாவிடம் மண்வள அட்டை இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். அதை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமிலத்தன்மை, உப்பு, கரிமம். பன்னிரண்டு. 2015இல் நாடு முழுக்கத் தொடங்கிய திட்டம், பயிருக்கு என்ன போட வேண்டும் என்று சொல்வதற்காக வந்தது, அதை நன்றாகவே சொல்கிறது. குரோமியம் இல்லை, காட்மியம் இல்லை, ஈயம் இல்லை. ராஜஸ்தானுக்கும் பாலாற்றங்கரைக்கும் ஒரே பன்னிரண்டு கட்டம். முப்பது வருடமாக நீதிமன்றம் பேசுகிற ஒரு மண்ணுக்குப் பதின்மூன்றாவதாக ஒரு கட்டம் ஏன் இல்லை? இதை எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று கேட்க எனக்குத் தயக்கமில்லை. நோய் தீர்க்க முடியாவிட்டாலும் பரிசோதனை செய்து சொல்வது அவ்வளவு பெரிய செலவு கிடையாது. விவசாயி தன் கைக்காசைப் போட்டுச் சென்னையில் தனியார் ஆய்வகத்தைத் தேட வேண்டிய நிலைமை இருக்கக் கூடாது.

நாங்கள் அப்படித்தான் தேடினோம். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வல்லாரை ஜாடியை, டார்ச்சை, பரணை. அவர் இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்போ அந்த நாத்து மஞ்சளாச்சே, அது நம்மகிட்ட சொல்லிச்சு. இது சொல்ல மாட்டேங்குது, அப்படித்தானே?" அப்படித்தான் மாமா, என்றேன். கொஞ்ச நேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் அத்தையிடம், நாளைக்குக் கீரைக்கார அம்மாவுக்குப் போன் பண்ணி முடிவு வர வரைக்கும் வர வேண்டாம்னு சொல்லிடு என்றார். எவ்வளவு நாளாகும் என்று அத்தை கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்தார். இரண்டு மூன்று வாரம் என்றேன். வாரம் இரண்டு தடவை அறுப்பு, வீட்டின் கைச்செலவு அந்தக் கீரையில்தான் ஓடுகிறது. அத்தை மறுபேச்சுப் பேசவில்லை.

கீரையை வேரோடு பிடுங்கி, வேர் தனி, தண்டு தனி, இலை தனியாக மூன்று காகித உறையில் போட்டோம். மண் ஒரு உறை, கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில். மேட்டுக் கழனியிலிருந்தும் அதேபோல ஒரு செட் வேண்டும் என்று மாமாவே போய் எடுத்துவந்தார், அன்றைக்கு நாற்றுக்கு எடுத்துவந்த மாதிரி. உறைகளின்மேல் என் பேனாவால் எழுதச் சொன்னார். தேதி எழுதினேன், கிணற்றடி என்று எழுதினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கிணத்தடி, ரெண்டாவது பாத்தின்னு போடு" என்றார். "எந்தப் பாத்தின்னு அவங்களுக்குத் தெரியணும் இல்ல."